காலியாகத் தெரிந்த இரண்டு கிழமைகள்

திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு மென்பொருளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அதில் நீங்கள் என்னைவிடத் தேர்ந்தவர்கள். கணினியில் நாம் ஓட்டும் கணக்கு மாதிரி (மாடல்) ஒரு விடையைக் கொடுத்த பிறகு, அந்த விடையின் கீழ் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறது. நம் வேலையின் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அதை ஒரு வாரச் சந்தையை வைத்துச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வருமுன் சில ஆண்டுகள் திருநெல்வேலியில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதினால் வந்தவர்களின் பெயர் மட்டும் போதாது. வந்திருக்க வேண்டியவர்களில் யார் வரவில்லை என்பதும் செய்தியில் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் என்னோடு இங்கேயும் வந்தது. சில மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை.

சந்தை, ஏரலுக்கு மேற்கே ஆற்றை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் வியாழக்கிழமை தோறும் கூடியது. அக்கரையில் இன்னொரு ஊர். அங்கும் சந்தை வியாழன்தான். பல காலமாக இது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை, ஏனென்றால் நடுவில் ஆறு ஓடியது. பழைய பாலம் வழியாகச் சுற்றிப் போகும் நேரத்தில் இக்கரையிலேயே எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். பிறகு புதுப் பாலம் வந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லாமல் போனது. இரண்டு வியாழன்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. அக்கரைச் சந்தை பெரியது. பெரிய இடம் அதிகம் இழுக்கும், தூரம் கூடக்கூட இழுப்பு குறையும் என்று நாம் படிக்கிற ஈர்ப்பு மாதிரி எழுத்துப் பிசகாமல் நடந்தது. இக்கரையில் வாரத்துக்கு வாரம் வரிசைகள் சுருங்கின. சந்தையை எந்தக் கிழமைக்கு மாற்றலாம் என்று சொல்லும்படி பேரூராட்சி எங்கள் பிரிவைக் கேட்டது.

வேலை நவீனிடம் கொடுக்கப்பட்டது. பாளையங்கோட்டைக்காரர், பிரிவிலேயே இளையவர், கணக்கில் சுத்தமானவர். அவர் கையில் எடுத்தது மைய இடக் கோட்பாடு. உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரு சரக்கு விற்கக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வாங்க வேண்டும், அவர்கள் அதற்காக இவ்வளவு தூரம்தான் வருவார்கள். அந்தத் தூரத்துக்குள் அத்தனை பேர் இல்லையென்றால் கடை ஒரே இடத்தில் உட்கார முடியாது, ஊர் ஊராகப் போக வேண்டும். வாரச் சந்தை பிறப்பது அப்படித்தான். அதிலிருந்து வரும் விதி, இடத்தால் நெருங்கிய சந்தைகள் நாளால் விலகி நிற்க வேண்டும் என்பது.

நவீன் சுற்றுவட்டாரச் சந்தைகள் எல்லாவற்றையும் கிழமை வாரியாக வரைபடத்தில் வைத்தார். திங்கள், செவ்வாய், புதன், சனி ஒவ்வொன்றிலும் பக்கத்தில் எங்கோ ஒரு சந்தை இருந்தது. வெள்ளியும் ஞாயிறும் வெறுமையாக இருந்தன. மாதிரி அந்த இரண்டையும் பச்சை நிறத்தில் காட்டியது. போட்டியில்லாத நாட்கள், அள்ளிக்கொள்ளலாம் என்று அர்த்தம். சனி சிவப்பில் கடைசிக்கு முந்தி நின்றது.

அலுவலகத்தில் எல்லாருக்கும் திருப்தி. துணை இயக்குநருக்கு வெள்ளி பிடித்தது. சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த அண்ணாச்சிக்கு ஞாயிறு. எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்ததும் உள்ளே ஓர் உறுத்தல். இத்தனை ஊர்கள், இத்தனை காலமாக, ஒன்றையொன்று கேட்காமலே இரண்டு கிழமைகளை விட்டுவைத்திருக்கின்றன. ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்க, இரண்டு வீடு மட்டும் பூட்டியே கிடந்தால் நிருபர் அதைக் ‘காலி மனை’ என்று எழுத மாட்டார். ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்பார்.

அடுத்த வியாழக்கிழமை நவீனை அழைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன்.

நாங்கள் பேசியவர்களில் இருவரைச் சொல்கிறேன். ஒருவர் காசிம் பாய். மேலப்பாளையத்துக்காரர், சொந்த வேனில் கைலியும் துண்டும் ஏற்றிக்கொண்டு வாரம் முழுக்கச் சந்தை சந்தையாகப் போகிறவர். மற்றவர் ஜெசிந்தா. கடற்கரையிலிருந்து கருவாடு கொண்டுவருகிற பெண்களில் மூத்தவர். கருவாட்டு வரிசையில் முதல் இடம் அவருடையது. கணவர் படகில் கை முறிந்து கரையில் இருந்தார். ஜெசிந்தா போய்வந்த சந்தைகளில் நன்றாக விற்பது இதுதான். அக்கரைச் சந்தையின் கருவாட்டு வரிசையில் வேற்றாளுக்கு இடமில்லை. இந்தச் சந்தை போனால் மற்றவற்றை வைத்து வீட்டை நடத்த முடியாது என்று ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை என்றதும் காசிம் பாய் துண்டை மடிப்பதை நிறுத்தினார்.

“வெள்ளிக்கிழம எங்க ஊர்ல தறிச் சத்தமே கேக்காது மேடம். ஜும்ஆ உண்டு, வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சோறு திங்கது உண்டு. இருக்கது அந்த ஒரு நாளு. அதையும் சந்தைக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுதீங்களா?”

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஜெசிந்தாவிடம் கேட்டது நான் அல்ல. குத்தகைதாரர் அண்ணாச்சியே வந்து கேட்டார். அன்றைக்கு ஊரே வீட்டில் இருக்கிறது, கருவாடு இன்னும் நன்றாகப் போகும், தேவாலயத்தில் பூசை காலையிலேயே முடிந்துவிடுகிறதே, பிறகு வருவதற்கு என்ன என்பது அவர் வாதம். அதில் பொய் எதுவும் இல்லை.

“ஞாயித்துக்கிழம எங்கூர்ல கடலுக்கே லீவு அண்ணாச்சி,” என்றார் ஜெசிந்தா. “நான் மட்டும் பெட்டியத் தூக்கிட்டுப் போனா கோயில் வாசல்ல நிக்கவங்க என்னய மட்டுமா பேசுவாங்க? செத்துப்போன எங்கம்மையயும் சேத்துல்லா பேசுவாங்க.”

“பூச முடிஞ்ச பெறவுதான சொல்லுதேன்.”

“தீவாளிக்கு நீங்க எண்ணெ தேச்சுக் குளிச்சு முடிச்ச பெறவு கடையத் தொறந்து உக்காருவீங்களா? அப்படித்தான் இதுவும்.”

பக்கத்து வரிசையில் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்துவிட்டு, இவள் வாய்க்குப் பயந்தே கருவாடு காய்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனார். கோபம் இல்லை. ஆனால் ஞாயிற்றை விடவும் இல்லை.

ஆக வெள்ளி வந்தால் துணி போகும், ஞாயிறு வந்தால் கருவாடு போகும். அப்படியென்றால் ஜெசிந்தாவுக்கு வெள்ளிக்கிழமை சரிதானே என்று நவீன் கணக்குப் போட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவரிடம் ஒன்று கேட்டேன்: வெள்ளிக்கிழமை உங்கள் அம்மா கருவாடு வாங்குவார்களா?

“வெள்ளிக்கிழமையா? வாசப்படி ஏத்த மாட்டாங்க மேடம்,” என்றார் யோசிக்காமல். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்தார். “இது எனக்குத் தெரியும். பொறந்ததுல இருந்து தெரியும். ஆனா மாதிரியில போடல.”

இந்தத் தவறை வெளியூர்க்காரர் ஒருவர் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று விட்டுவிடலாம். நாம் செய்யும் தவறு வேறு வகை. வெள்ளிக்கிழமை கவுச்சி வாங்காத வீட்டிலிருந்து கிளம்பி, ஜும்ஆவுக்காகக் கடை சாத்தும் தெரு வழியாக வந்து, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏழு கிழமைகளும் நமக்கு ஒரே கிழமையாகிவிடுகின்றன. மைய இடக் கோட்பாட்டை எழுதியவர் மேடு பள்ளமில்லாத சமவெளி ஒன்றைக் கற்பனை செய்துகொண்டார். அது கற்பனை என்று முதல் பக்கத்திலேயே சொல்லவும் செய்தார். நாங்கள் வாரத்தையும் அப்படியொரு சமவெளியாக்கிவிட்டோம். அதைச் சொல்லவில்லை, ஏனென்றால் செய்தது எங்களுக்கே தெரியவில்லை.

இந்த இடத்தில் பலர் மாதிரியைத் தூக்கிப் போடுவார்கள். செய்யாதீர்கள். இரண்டு வியாழன்கள் மோதிக்கொண்டன, சந்தை நகராவிட்டால் செத்துப்போகும் என்று அது சொன்னது உண்மை. நோயைச் சரியாகச் சொல்லி மருந்தைத் தவறாகச் சொன்னது, அவ்வளவுதான். வாங்குபவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டோம், பதில் சொன்னது. விற்பவர்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

நவீன் அதைக் கேட்டார். இரண்டு வாரம் சந்தை சந்தையாகப் போய், விற்பவர்களின் வாரப் பயணத்தை எல்லாம் கோடுகளாக வரைந்துகொண்டு வந்தார். சனிக்கிழமைக் கோடுகளில்தான் விஷயம் இருந்தது. மேற்கே ஒரு ஊரில் சனிக்கிழமைக் காலைச் சந்தை. மத்தியானத்தோடு முடிந்துவிடும். கடற்கரைப் பெண்களின் லோடு ஆட்டோக்கள் திரும்பும் வழி நம் ஊர்ச் சந்தை மைதானத்தை ஒட்டியே போனது. காசிம் பாயின் வேன் அதே ஊரிலிருந்து பாதித் துணியோடு மேலப்பாளையம் திரும்பியது. இந்தப் பக்கம் வந்து போக அவருக்குச் சுற்றுதான், ஆனால் பெரிய சுற்றில்லை. சனிக்கிழமை மாலை, அடுத்த நாள் சமையலுக்காக எல்லா வீட்டுக்கும் கருவாடும் காயும் வேண்டும்.

வாங்குபவரின் கணக்கில் பக்கத்துச் சந்தை போட்டி. விற்பவரின் கணக்கில் அது முந்தின நிறுத்தம். சிவப்பில் காட்டப்பட்ட கிழமைதான் இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்போல் இருந்தது.

துணை இயக்குநர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மோசமான மனிதர் இல்லை. அவர் வாதமும் வலுவானது. எந்த நாளை எடுத்தாலும் யாராவது விடுபடுவார்கள், அதிகம் பேருக்கு எது நல்லதோ அதைச் சொல்வதே நம் வேலை, ஒரு கருவாட்டு வரிசைக்காக ஒரு சந்தையின் தலைவிதியை மாற்ற முடியாது என்றார். எங்கள் மாதிரியே சனியைக் கடைசிக்கு முந்தி வைத்திருக்கும்போது அதைப் பரிந்துரைத்தால் சிரிப்பார்கள் என்றார். பேரூராட்சித் தீர்மானத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, வெள்ளியோ ஞாயிறோ ஒன்றை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

சந்தைக்கு வருகிறவர் கருவாட்டுக்கு ஒரு தடவை, வெங்காயத்துக்கு ஒரு தடவை என்று வருவதில்லை, ஒரே பையோடு எல்லாவற்றுக்கும் சேர்த்து வருகிறார் என்றேன். ஒரு வரிசை போனால் அந்த வரிசைக்காக வந்தவர் வாங்கியிருக்கக்கூடிய மற்ற எல்லாமும் போகும். எங்கள் மாதிரி ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாக எண்ணியதால் இந்த இழப்பு அதில் தெரியாது. சனியை ஒருமுறையாவது நடத்திப் பார்க்காமல் வெள்ளி, ஞாயிறு இரண்டில் எதிலும் என் கையெழுத்து விழாது என்றும் சொன்னேன்.

“நீங்க போடலன்னாலும் அறிக்கை போகும்,” என்றார்.

“போகட்டும் சார். என் பேர் இல்லாமப் போகட்டும்.”

நான் குரலை உயர்த்தவில்லை. நீங்களும் உயர்த்த வேண்டாம். இந்த வாக்கியம் மெதுவாகச் சொன்னால்தான் வேலை செய்யும். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். மூன்று சனிக்கிழமை மாலைகள் பரீட்சார்த்தமாக நடத்தலாம். துணியும் கருவாடும் நிலையாக வந்தால் சனி. மூன்றாவது வாரத்திலும் கருவாட்டு வரிசை காலியாக இருந்தால், கருவாடு இல்லாமலே நடக்கட்டும் என்று ஞாயிறு, அதில் நானே கையெழுத்துப் போட வேண்டும். ஒத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்கு ஊர் அறிவித்தார்கள். நாங்களும் கடற்கரைக்குப் போய்ப் பெண்களிடம் நேரில் சொன்னோம். ஜெசிந்தா கவனமாகக் கேட்டார். சந்தோஷப்படவில்லை. காலைச் சந்தையில் நல்லதெல்லாம் விற்றுப்போகும், மிஞ்சியதைக் கொண்டுவந்து இங்கே விரித்தால் இத்தனை நாள் சம்பாதித்த பெயர் கெட்டுவிடும் என்றார். இரண்டு சந்தைக்குமாகச் சரக்கு ஏற்றினால் ஒன்று விற்காமல் போனாலும் நஷ்டம் அவர் தலையில். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

முதல் சனிக்கிழமை காய்கறிக்காரர்கள் வந்தார்கள். காசிம் பாய் மத்தியான லுஹர் தொழுகையைக் காலைச் சந்தை நடந்த ஊரிலேயே முடித்துக்கொண்டு வேனோடு வந்துவிட்டார். வாங்குபவர்கள் சுமாராக வந்தார்கள். கருவாட்டு வரிசை வெறும் மண்ணாகக் கிடந்தது. இரண்டாவது சனிக்கிழமை கூட்டம் கூடியது. வரிசை அப்படியே கிடந்தது. ஒரு பெண் பையை விரித்தபடி அங்கே வந்து நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கே போய்விட்டார்கள் என்று என்னைக் கேட்டார். பிறகு தக்காளிகூட வாங்காமல் பஸ்ஸுக்குப் போனார். என் வாதம் சரி என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடைத்திருக்காது. நான் தோற்றுக்கொண்டிருந்தேன் என்பதற்கும்தான்.

இடம் சும்மா கிடப்பதைக் குத்தகைதாரர் எத்தனை வாரம் பார்த்துக்கொண்டிருப்பார்? தூத்துக்குடியிலிருந்து பாக்கெட் கருவாடு விற்கிற ஒருவரை மூன்றாவது வாரத்துக்குப் பேசி வைத்துவிட்டார். மேசை போட்டு விற்கும் கடை. ஜெசிந்தாவின் இடத்தில்.

அந்த வாரம் நவீன் என் அறைக்கு வந்தார். ஜெசிந்தாவின் கைபேசி எண் அவரிடம் இருந்தது. ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லலாமா, இடம் போகப்போகிறது என்றாவது சொல்லலாமா, வேண்டுமானால் வண்டி வாடகைக்கு நாமே ஏதாவது ஏற்பாடு செய்யலாமா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். என் வேலைக்காலத்தில் எனக்கு மிகவும் கடினமாக இருந்த பதில் அதுதான்.

வேண்டாம் என்றேன். இடம் வேறு ஆளுக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டிய செய்தி; அதைப் பேரூராட்சி அறிவிப்பாக எல்லாக் கருவாட்டுக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன், சொன்னார்கள். ஆனால் நாம் கெஞ்சி, வண்டி அனுப்பி வரவழைத்தால் அந்த ஒரு மாலை வரிசை நிறையும், அறிக்கை ஜெயிக்கும், நாம் கைகழுவிவிட்டுப் போன பிறகு நான்காவது வாரம் அவர் விற்காத சரக்கோடு நிற்பார். சோதனையின் விடையை நாமே எழுதிவிட்டுச் சோதனை என்று பெயர் வைக்கக் கூடாது. நமக்குப் பிடித்த விடைக்கும் அது பொருந்தும். பிடித்த விடைக்குத்தான் அது முதலில் பொருந்த வேண்டும். நவீன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அன்று அதன்பிறகு என் அறைப் பக்கம் வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை துணை இயக்குநரும் வந்திருந்தார். கருவாட்டு வரிசையின் தலைமாட்டில் மேசை போட்டாயிற்று. அதன்மேல் நெத்திலியும் சீலாவும் பளபளக்கும் உறைகளில் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றிரண்டு பேர் எடுத்துப் பார்த்து, முகர முடியாததால் வைத்துவிட்டுப் போனார்கள்.

லோடு ஆட்டோ வந்து நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஜெசிந்தாவும் இன்னும் இரண்டு பெண்களும் இறங்கினார்கள். கூடவே ஓலைப்பெட்டிகள். காலைச் சந்தையில் திறந்த பெட்டிகள் வண்டியிலேயே ஒரு பக்கம் இருந்தன. இறக்கியவை வாய் கட்டியபடி, கட்டுப் பிரிக்காமல் இருந்தன. இந்தச் சந்தைக்கென்று தனியாகக் கட்டிக்கொண்டு வந்த சரக்கு.

மேசையைப் பார்த்தார். அண்ணாச்சி வேகமாக வந்தார். ரெண்டு வாரம் ஆளே இல்லை, வரிசையைக் காலியாகப் போட்டுவைக்க முடியுமா, அறிவிப்புக் கொடுத்தோமே, கடைசியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, இன்றைக்கு அங்கன உட்கார், அடுத்த வாரம் பார்ப்போம் என்று மூச்சுவிடாமல் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துணை இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. எந்த நாள் என்று சொல்லத்தான் எங்களை அழைத்திருந்தார்கள்; யார் எங்கே உட்காருவது என்று சொல்ல அல்ல.

ஜெசிந்தா வண்டியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். அதை உதறி மேசைக்கு முன்னால், அதன் கால்களை ஒட்டினாற்போல் விரித்தார். பெட்டிகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். உட்கார்ந்தார். மற்ற இருவரும் அவருக்கு அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள்.

“நான் உக்காந்துட்டேன் அண்ணாச்சி,” என்றார் பெட்டியின் கட்டை அவிழ்த்துக்கொண்டே. “இனி நீங்க பைய பேசிக்கிடுங்க.”

கட்டு அவிழ்ந்ததும் வாசனை எழுந்தது. வெங்காயக் கடைப்பக்கம் நின்றிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். ஒருவர் வந்து குனிந்து ஒரு நெத்திலியை எடுத்து ஒடித்துப் பார்த்தார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். கூட்டம் சேரச் சேர மேசை மறைந்தது. மேசைக்குப் பின்னால் நின்றவர் தலை மட்டும் தெரிந்தது. வாங்க வந்த ஒருவர் அந்த மேசையில் இடித்துக்கொண்டு, யாரு வே இதை நடைபாதையில் போட்டது என்று அண்ணாச்சியையே பார்த்துக் கேட்டார்.

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். பாக்கெட் கடைக்காரர் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடிக்க, மறுபக்கத்தை அவரே பிடித்துத் தூக்கி வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோனார்.